எருமைகளுக்கு நடுவே கோணமூக்கு

அன்னமேரி டீச்சருக்கு வந்தது லேசுப்பட்ட கோபமல்ல. உத்தனப்பள்ளி ஏரியில் கோணமூக்கு உள்ளானைப் பார்த்ததாகப் பெங்களூர் பறவைச் சங்கத்துக்கு எழுதியிருந்தாள். கறுப்பும் வெள்ளையுமான உடம்பு, நீண்ட கால், மேல்நோக்கி வளைந்த மெல்லிய அலகு. கடலோர உப்பளத்தில் பார்க்கிற பறவை. இந்த மேட்டுச் சீமைக்கு வந்ததாகச் சங்கத்தில் பதிவே கிடையாது. செயலாளர் ஆஞ்சப்பன் என்ன பதில் போட்டார் தெரியுமா? அவள் பார்த்தது அரிவாள்மூக்கனாம். அதன் அலகு கீழ்நோக்கி வளைந்தது, தண்ணீரில் நிழல் தலைகீழாகத் தெரியும், அந்த நிழலைப் பார்த்து ஏமாந்துவிட்டாளாம். வேண்டுமானால் பறவையையோ போட்டோவையோ அனுப்பட்டுமாம்.

பறவைக்கும் நிழலுக்கும் பேதம் தெரியாதவளா நான் என்று அவள் மனசு கொதித்தது. கணவர் சூசை, இதற்கென்ன, சுட்டே அனுப்பிவிடலாம் என்று காட்டுப்பன்றித் துப்பாக்கியை எடுத்தார்.

"பொணத்தக் காட்டி ஜெயிக்கறதுக்கு நான் தோத்தே போறேன்" என்றாள் அன்னமேரி. துப்பாக்கி திரும்ப மூலைக்குப் போயிற்று.

ஆனால் மார்கழியில் வந்த பறவை என்றைக்குக் கிளம்பும் என்று யார் கண்டது? ஓசூர் ஸ்டூடியோ ராஜப்பனைக் கெஞ்சிக் கூட்டி வந்தாள். கல்யாணப் படம் எடுத்துப் பழகிய மனுஷன் அவர். கரையிலிருந்து பார்த்தால் பறவை கடுகளவு தெரிந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கியதும் அது எதிர்க்கரைக்குப் பறந்துவிட்டது. மாப்பிள்ளை கூட இப்படி ஓடினதில்லை என்று அலுத்துக்கொண்டு ராஜப்பன் கரையேறினார்.

அந்நேரம் முனிலட்சுமி தன் எருமைகளை ஏரியில் ஓட்டினாள். அவை சேற்றைக் கலக்க, கலங்கிய தண்ணீரில் பூச்சி பொறுக்கப் பறவை தானாகவே திரும்பி வந்தது. எருமை வயிற்றை ஒட்டி நின்று அலகை இப்படியும் அப்படியும் வீசியது. அன்னமேரிக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஸ்டூடியோப் பெட்டியிலிருந்த கறுப்புத் துணியைக் கேட்டாள், கேமராவையும் கேட்டாள். ராஜப்பன் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, கேமரா நனைந்தால் தன் பிழைப்பு போச்சு என்று தலையில் கைவைத்தார்.

புடவையைத் தூக்கிச் செருகி, துணியைத் தலையோடு போர்த்தி, குனிந்தபடி எருமைகளோடு எருமையாக நடந்தாள் டீச்சர். கரையில் ஊரே சிரித்தது. பறவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் அவள் பொத்தானை அழுத்தினாள்.

கழுவி வந்த படத்தில் பறவையும் இருந்தது, நிழலும் இருந்தது. பறவையின் அலகு மேலே வளைந்திருக்க, நிழலின் அலகுதான் கீழே வளைந்திருந்தது. அன்னமேரி அடுப்படியில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். பெங்களூருக்கு அனுப்பிய உறையில் படத்தைத் தவிர ஒரு வரிகூட எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு ஆஞ்சப்பனே பஸ் ஏறி வந்துவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் மனம் ஆறாது என்றார். முனிலட்சுமி சிரிக்காமல் எருமைகளை ஓட்டினாள். பெரிய மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டி, கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு இறங்கினார். வெகுநேரம் கழித்து, இடுப்புவரை சேறாகக் கரையேறினார்.

"மேலதான் வளஞ்சிருக்குது டீச்சர்" என்றார். "உங்க பேர்லயே பதிவு பண்ணிடறேன்."