மாப்பிள்ளையின் தெரு

எங்கள் ஊரில் பெண் கேட்டு வருகிறவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. சர்பத் கொடுத்து, சிரித்துப் பேசி அனுப்பிவிடுவார்கள். பிறகு அவன் குடியிருக்கும் தெருவுக்குப் போய்த் தெருவைக் கேட்பார்கள். முடி வெட்டுகிறவர், மளிகைக்காரர், காப்பிக் கடைக்காரர் என்று அவனைத் தினமும் பார்க்கிறவர்கள் சொல்வதுதான் சான்றிதழ். எங்கள் குடும்பத்தில் இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. மன்ஷிய்யா சந்தையில், பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போகிற அந்தக் குறுகல் சந்தில் லேஸும் பொத்தானும் விற்கிறேன். கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறவர்களின் வாயைக் கிளறிக் கிளறிப் பழகிவிட்டது. என் பெயர் இன்ஸாஃப். இந்த அலெக்சாண்டிரியாவில் இன்ஸாஃப் மூக்கை நுழைக்காத இடம் கடலுக்கு அடியில்தான் இருக்கும் என்று என் அக்கா அவாதிஃப் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவாள். விசாரிக்க வேண்டிய காரியம் வந்தால் மட்டும் என் கதவைத் தட்டுவாள்.

இந்த முறை காரியம் அவள் மகள் நிஹாலுடையது. பையன் பெயர் ஷிஹாப், பஹ்ரி பேட்டைக்காரன், குளிர்பெட்டி மெக்கானிக். நிஹால் வேலை செய்யும் மருந்துக் கடையின் குளிர்பெட்டியைப் பழுது பார்க்க வந்தவன், அது நன்றாக ஓடிய நாட்களிலும் வரத் தொடங்கினான். மாமாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டும் வந்துவிட்டான். அம்மா வரவில்லை. அவர் பஹ்ரியில் மீன் சுட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார், முழங்கால் வலி, வியாழக்கிழமை ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்ய வரும்போது வருவார் என்றான். அக்கா வீட்டுக்காரர் குவைத்திலிருந்து போனில், இன்ஸாஃப் சரி என்றால் தனக்கும் சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஆக, அந்தப் பெண்ணின் வாழ்க்கை என் தலையில்.

நான் கிளம்பும்போது நிஹால் வாசல்வரை வந்து என் கோட்டுக் காலரைச் சரி செய்தாள்.

"சித்தி, எனக்கு அவர்தான் வேணும். நீங்க போய்த் தோண்டித் துருவி ஏதாச்சும் ஒண்ண எடுத்துட்டு வந்துராதீங்க."

இருந்தால்தானே எடுத்துவர முடியும் என்றேன். அவள் முகம் வாடியதைப் பார்த்தும் பார்க்காதவள்போல் படியிறங்கினேன். உள்ளே ஏதோ இருக்கிறது என்று என் மூக்கு அப்போதே சொல்லிவிட்டது. முதல் தடவை பெண் கேட்க வரும்போது முழங்கால் வலிக்கிற மாமியாரை நான் எங்கும் பார்த்ததில்லை.

முந்தின நாள்தான் புயல் ஓய்ந்திருந்தது. கடல் இன்னும் கோபம் தணியாமல் சாலையில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கோடையில் கெய்ரோக்காரர்கள் வந்து அடைத்துக்கொள்வார்கள். குளிர்காலத்தில்தான் ஊர் எங்களிடம் திரும்பி வரும். ஓரமாக நனைந்துகொண்டே பஹ்ரிவரை நடந்தேன்.

முடி வெட்டுகிறவரிடம் முதலில் போனேன். என் தம்பிக்கு வாடகைக்கு வீடு தேடுகிறேன், பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். அவர் கத்திரியை நிறுத்தி, பெண் யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். இந்தப் பேட்டைக்காரர்களிடம் காது குத்த முடியாது. ஷிஹாபா, பையன் தங்கம் என்றார். மளிகைக்காரரும் தங்கம் என்றார். காப்பிக் கடையில் புகைத்துக்கொண்டிருந்த கிழவர்கள் நான் கேட்பதற்கு முன்பே தங்கம் என்றார்கள். நான் நகைக்கடைக்கா வந்தேன்?

சரி, அவன் அம்மா எப்படி என்று கேட்டேன். காப்பிக் கடைக்காரர் ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த மேசையை இன்னொரு தரம் துடைத்தார். மளிகைக்காரரிடம் திரும்பிப் போய்க் கேட்டேன். உள்ளே பால் பொங்குகிறது என்று எழுந்து போனார். மளிகைக் கடையில் ஏது பால் பொங்குவது?

பிடி கிடைத்த சந்தோஷத்தில் அன்ஃபூஷி கடற்கரைக்கு இறங்கினேன். மணலில் ஆளே இல்லை. கோடையில் நாற்காலியும் குடையும் வாடகைக்கு விடுகிற ஸக்கி என்பவர் மட்டும் படகு நிழலில் உட்கார்ந்து கிழிந்த குடைத்துணியைத் தைத்துக்கொண்டிருந்தார். நாலு மாதமாக யாரிடமும் பேசாத மனிதர் என்பது பார்த்தாலே தெரிந்தது. சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நீட்டினேன். அவ்வளவுதான், கொட்டிவிட்டார். ஷிஹாபுக்கு முன்பே ஒரு பெண்ணோடு நிச்சயமாகி, மோதிரமும் போட்டு, அம்மா வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருப்பும் தயாராகிவிட்டதாம். பெண் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாளாம்.

ஏன் என்று கேட்டேன். ஸக்கி ஊசியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"பஹீகா ஹாஜியம்மா கடைல போய் மீன் சாப்பிடுங்க. தானே தெரியும்."

பஹீகாதான் ஷிஹாபின் அம்மா. அவளைக் கடைசியாக, நான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் வாடிக்கையாளராகப் போய்ப் பார்ப்பது என்று முதலிலிருந்தே முடிவு செய்து வைத்திருந்தேன். எங்கள் பேட்டைகளில் மீன் சுடும் கடைக்கு மீனை நாம்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். சந்தையில் கண் பளபளக்கிற மடவை மீனாக இரண்டு பொறுக்கி, காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

அடுப்புக்கு முன்னால் உயரமாக ஒரு பெண்மணி. முழங்கை வரைக்கும் பழைய தீக்காயங்கள். நின்ற நிலையில் முழங்கால் வலி எதுவும் தெரியவில்லை.

"செதில் உரசிடுங்க," என்றேன்.

"தவிட்டுல பெரட்டிச் சுடுற மீனுக்குச் செதில் உரச மாட்டேன்."

"மீனு என்னுது."

"அடுப்பு என்னுது."

தோற்றுப்போய் ஒரு மேசையில் உட்கார்ந்தேன். எனக்கு அது அடிக்கடி நடப்பதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளைக் கவனித்தேன். ரொட்டி கொண்டுவந்தவனை ஆறிப்போச்சு என்று திட்டினாள். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தவரை எழுப்பி வேறு மேசைக்கு மாற்றினாள். எலுமிச்சைக்காகக் கை நீட்டிய பெண்ணிடம், முதலில் மீனின் ருசியைப் பார், பிறகு பிழியலாம் என்றாள். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை, எழுந்து போகவும் இல்லை. என் மீன் வந்தது. கருகிய தோலை உரித்தேன். உள்ளே சதை வெள்ளை வெளேரென்று, பூண்டும் சீரகமும் மணக்க. அவ்வளவு நன்றாக இருந்ததில் எனக்கு எரிச்சலாக இருந்தது.

இந்தப் பெண்ணின் வீட்டு மாடியிலா எங்கள் நிஹால் குடியிருப்பது? ஒரு மாதம் தாங்குவாளா? வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று பாதி மீனிலேயே முடிவு செய்துவிட்டேன். அப்போது பஹீகா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ம், இப்பக் கேளுங்க. முடி வெட்டுறவரக் கேட்டாச்சு, மளிகைக்காரரக் கேட்டாச்சு, கடக்கரைல அந்த ஓட்ட வாயனையும் கேட்டாச்சு. என்னைத்தான் கேக்கல."

நான் மீன் வாங்கும் முன்பே செய்தி அடுப்படிக்கு வந்துவிட்டிருக்கிறது. வெட்கமாகிவிட்டது. ஆனாலும் வந்த வேலையை விடுவேனா? அந்த முதல் பெண் ஏன் போனாள் என்று நேராகவே கேட்டேன்.

"நல்ல பொண்ணு. நான்தான் வெரட்டினேன். வேணும்னு செய்யல. நிச்சயமானதும் கூடமாட உதவிக்கு வீட்டுக்கு வந்து போவா. அவ சோறு வடிக்கிறது, துணி காயப் போடுறது, கண்ணுல பட்டதெல்லாம் வாயில வந்துருச்சு. ஒரு நாள் மோதிரத்தக் கழட்டி வெச்சுட்டுப் போயிட்டா. அதான் இந்தத் தடவ பொண்ணு கேக்க வராம முழங்கால் வலின்னுட்டேன்."

"பையன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. மறுநாளும் வந்து என் கையால சாப்பிட்டான். தட்டக் கழுவி வெச்சான். அதுலேருந்து எம் மகன் வீட்டுல வாயத் தொறந்து நாலு வார்த்த பேசினதில்ல, சிரிச்சதும் இல்ல."

வாயைக் கட்டிப் பார்க்கக் கூடாதா என்றேன். போன ரமலானில் அதற்கென்றே வேண்டுதல் வைத்தாளாம். நோன்பைத் தாங்க முடிந்ததாம், வாயை அடக்க முடியவில்லையாம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் இதே வாய்தான். பிள்ளை குட்டி இல்லாததால் என் வாய்க்குப் பயந்து ஓட வீட்டில் யாரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவள் மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

பஹீகா மேசையில் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மாடி வீட்டுக்குப் புதுசா சாயம் அடிச்சு வெச்சிருக்கான். அது வேணாம்னு சொல்லுங்க. மந்தரா பக்கம் வீடு எடுத்தாத்தான் பொண்ணுன்னு பிடிவாதமா நில்லுங்க."

மந்தரா ஊரின் அந்தக் கோடி. மினிபஸ்ஸில் போனால் பாதி உயிர் போய்விடும். நீங்களே மகனிடம் சொல்லிவிடலாமே என்றேன்.

"நான் 'போ'ன்னு சொன்னா அவன் போக மாட்டான். தனியாப் போகவான்னு அவனாக் கேக்கவும் மாட்டான், செத்தாலும் கேக்க மாட்டான். நீங்க கேட்டு நான் சும்மா தலையாட்டினாலும் இது என் வேலைன்னு அவனுக்குப் புரிஞ்சுரும். அதனால நீங்க கேட்டதும் நான் கத்துவேன். நல்லாவே கத்துவேன். விட்டுக் குடுத்துராதீங்க. பொண்ணுகிட்டகூடச் சொல்லாதீங்க, அவ மொகமே காட்டிக் குடுத்துரும்."

வியாழக்கிழமை அக்கா வீட்டுக் கூடத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் நிறைந்திருந்தார்கள். பையனின் மாமா ஃபாத்திஹா ஓதக் கைகளை விரித்த நேரத்தில், ஒரு நிமிஷம் என்றேன். மந்தராவில் வீடு, இல்லையென்றால் பெண் இல்லை என்றேன். அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள்.

பஹீகா எழுந்து நின்றாள். அல்லாவே, அந்தத் தொண்டை! லேஸ் விற்கிறவளுக்கு இவ்வளவு திமிரா, புயலில் இடிந்து விழாத தன் வீடு இவளுக்கு மட்டும் குறைந்து போயிற்றா என்று ஆரம்பித்தாள். நானும் விடவில்லை. மீன் புகையில் எங்கள் பெண் இருமிக்கொண்டு கிடக்க வேண்டுமா என்றேன். கொஞ்ச நேரத்தில் இது பேசி வைத்த சண்டை என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கும் மறந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நிஹால் அழுதுகொண்டே என்னைப் பார்த்தாள். நான் தூக்கி வளர்த்த குழந்தை, என்னை அப்படி ஒரு வெறுப்போடு பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் ஷிஹாப் எழுந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க அம்மாவ விட்டுட்டு நான் எங்கயும் போக மாட்டேன். அப்படின்னா வேணாம்."

இது நாங்கள் பேசி வைத்ததில் இல்லை. நான் பஹீகாவைப் பார்த்தேன். அவள் முகம் மலர்ந்திருந்தது. இத்தனை வருஷம் பேசாத மகன் சபையில் அவளுக்காகப் பேசிவிட்டான். இப்போது அவள் சும்மா இருந்தால் போதும், அவன் அவளிடமே இருந்துவிடுவான். நான் கத்தியதெல்லாம் வீண். நிஹாலின் கல்யாணம் அந்த நிமிஷத்தில் அந்தப் பெண்மணியின் வாயில் இருந்தது.

அந்த மலர்ச்சி மெல்ல மெல்ல அடங்கியது. அவள் மகன் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பொண்ணையும் நான்தான் வெரட்டினேன்னு ஊரு பேசணுமா? எனக்கு வேணாம்டா அந்தப் பேரு. போ, மந்தராலயே போய் இரு. உன் ஓட்டக் கம்ப்ரெஸரு, குழாயி எல்லாத்தையும் அள்ளிட்டுப் போ. வீட்டுல நடக்க எடமில்ல."

அவன் அடி வாங்கியவன்போல் நின்றான். அம்மா எல்லார் முன்னாலும் தன்னைத் துரத்திவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொண்டான். வேறு எப்படி எடுத்துக்கொள்வான்? இன்னும் யாராவது வாயைத் திறப்பதற்குள் மாமா அவசர அவசரமாக ஃபாத்திஹாவை ஓதி முடித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். சர்பத் வந்தது.

நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பின்னாலேயே பஹீகா வந்தாள். என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் எழுந்து பேசியபோது அவள் முகத்தைப் பார்த்தேன் என்று சொன்னேன். தெரியும் என்றாள். அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

கூடத்தில் இறுக்கம் தளர்ந்து பேச்சுச் சத்தம் கூடியது. நிஹால் ஏதோ சொல்வது கேட்டது. தொடர்ந்து ஓர் ஆண் குரல், அடக்க மாட்டாமல் உரக்கச் சிரித்தது.

பஹீகா தம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"யாரு அது, அப்படிச் சிரிக்கிறது?"

கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தேன். உங்கள் மகன்தான் என்றேன்.