வெந்நீரின் பதம்

முதல் குடத்துத் தண்ணீரை நூர்பானு தூக்கி வாழை மூட்டில் கொட்டிவிட்டாள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய நல்ல வெந்நீர். அதைக் காய்ச்சி, கைவிட்டுப் பதம் பார்த்து, மறைப்பு வரைக்கும் கொண்டுவந்து வைத்தவள் தேவகிருபை என்பதைத் தவிர அந்தத் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை.

"ஏம்மா கொட்டிப்புட்டீங்க?" என்றாள் பாத்துமுத்து. அந்தத் தெருவில் இறந்துபோன பெண்களின் உடலை, மையத்தைக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான்.

"வெதுவெதுனு இருக்கு. எந் தங்கச்சிக்குச் சுடச்சுட ஊத்தினாத்தான் பிடிக்கும். சின்னப் புள்ளையில இருந்து அவளக் குளிப்பாட்டினவ நான். எனக்குத் தெரியாதா?"

வீட்டுப் பின்பக்கம் பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே பலகையில் தங்கை ஹாஜரா கிடந்தாள். தேவகிருபை வெளியே நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி, பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போகிறவள், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி. காலையில் அவளும் உள்ளே வரப் பார்த்தபோது, "சொந்தக்காரங்க மட்டுந்தான்" என்று நூர்பானுதான் தடுத்தாள். சொல்லும்போது நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. தங்கை செத்துக் கிடக்கிற வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை.

கொஞ்சமா பொறுத்திருந்தாள்? ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, பால்கோவாப் பொட்டலத்தோடு ராஜபாளையம் வந்து நிற்பாள். மூளையில் ஆபரேஷன் ஆகி, ஆள் அடையாளம் மறந்து கட்டிலில் கிடக்கிற ஹாஜரா ஏறிட்டுப் பார்த்து, "யாரு? யாரைப் பாக்கணும்?" என்பாள். தேவகிருபை கஞ்சியோடு உள்ளே வந்ததும் அதே முகம் மலர்ந்துவிடும். "அக்கா, எங்கக்கா போயிட்ட?" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். கூடப் பிறந்தவள் பொட்டலத்தோடு நிற்க, எவளோ ஒருத்தி அக்காவாம். வயிறு எரியாமல் என்ன செய்யும்? வந்தால் எரிகிறதே என்று வருவதைக் குறைத்தாள். குறைத்தால் இன்னும் எரிந்தது.

ஆபரேஷன் முடிந்த அன்று மதுரையில் டாக்டர் அவளையும் ஹாஜராவின் புருஷன் அய்யூபையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"கண்ணுக்குத் தெரிஞ்ச கட்டியை எடுத்துட்டேன். ஆனா மூளையில செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல கூழ் மாதிரி ஒரு பொருள் இருக்கு. செங்கலுக்கு நடுவுல காரை இருக்கில்ல, அப்படி வச்சுக்கோங்க. இந்தக் கட்டி அந்தக் காரையைக் கரைச்சு, தனக்குத் தோதா மாத்தி, அது வழியாவே ஊர்ந்து போயிருது. பிறகு அந்தக் காரையே அது வளரத் துணை போகுது. போன இடத்தை எல்லாம் வெட்ட முடியாதும்மா."

"அந்தக் காரையைச் சரி பண்ண மருந்து இல்லீங்களா?" என்று கேட்டான் அய்யூப்.

"இப்பத்தான் வெளிநாட்டுல அதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்காங்க" என்றார் டாக்டர்.

பிற்பாடு தேவகிருபையைப் பார்க்கும்போதெல்லாம் நூர்பானுவுக்கு டாக்டர் சொன்னதுதான் ஞாபகம் வரும். இவளும் அந்தக் கட்டி மாதிரிதான். அக்காளுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் நைசாகப் புகுந்து எல்லாவற்றையும் கரைத்துவிட்டாள்.

இரண்டாவது குடம் ஆவி பறக்க வந்தது. பாத்துமுத்து விரலை விட்டு வெடுக்கென்று எடுத்தாள்.

"ஆத்தாடி, என்ன கொதி கொதிக்கு! மையத்துக்கும் நோவு உண்டும்மா. உசுரோட இருக்கிற உடம்பு மாதிரிதான் பாக்கணும்."

"அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க." சேலைக்கு அந்தப் பக்கமிருந்து தேவகிருபையின் குரல். "ஆபரேஷனுக்குப் பொறவு அவளுக்குத் தலையில சூடு ஆகாது. இடது பக்கம் எலும்பு இல்லை. பட்டாலே துடிச்சிருவா."

"ஒன்னை யாரு கேட்டா? அதான் எல்லாம் முடிஞ்சு போச்சுல்ல. வீட்டுக்குப் போ."

சேலையின் அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அவை போகவில்லை. என்ன அழுத்தம் பார் என்று நூர்பானு பல்லைக் கடித்தாள்.

ஹாஜராவின் தலைத்துணியை விலக்கினாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் துணி இல்லாமல் அவளைப் பார்த்ததே இல்லை. இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தல் அது. மூன்றாகப் பிரித்துப் பின்னி அனுப்ப வேண்டும் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். இப்போது பையன்களுக்கு வெட்டிவிட்டது போல முடி ஒட்டக் கிடந்தது. இடது பக்கம் குழிந்து, தோல் மட்டும் மூடியிருந்தது. சீயக்காய் தேய்த்துப் பழகிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இந்தத் தலையை அவளுக்குத் தெரியாது.

"தொடுங்கம்மா, நேரமாகுது" என்றாள் பாத்துமுத்து.

கை போகவே இல்லை. வேறு வழியில்லாமல் நூர்பானு வாயைத் திறந்தாள்.

"ஏட்டி தேவகிருபை, இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"தலையை எப்படித் தொடுவே?"

சேலைக்கு அடியில் தெரிந்த பாதங்கள் ஓர் அடி முன்னால் வந்தன.

"தொடுறதுக்கு முன்னால காதுகிட்டப் போயி, 'நூரக்கா வந்திருக்கேன்'னு சொல்லணும். இல்லைனா பயந்துருவா."

"என்னது?"

"என்னைய நீங்கனு நெனைச்சுக்கிட்டா, அக்கா. நான் இல்லைனு மொதல்ல எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். சொன்னா, நூரக்கா எங்கன்னு கேட்டு அழுவா. பொறவு நானும் ஆமாம்னு சொல்லிட்டேன். உங்ககிட்டச் சொல்லணும்னுதான் நெனைப்பேன். வந்தா நீங்க மொறைச்சுக்கிட்டே நிப்பீங்க. பயமா இருக்கும்."

பாத்துமுத்து குவளையைக் கீழே வைத்தாள். நூர்பானு தங்கையின் முகத்தையே பார்த்தாள். யா அல்லா, இத்தனை மாதமும் யாரைப் பார்த்து வயிறெரிந்தேன்! அந்தக் கட்டிலிலிருந்து நூர்பானுவுக்காகத்தான் ஒரு கை நீண்டுகொண்டே இருந்திருக்கிறது. அவள்தான் அரை மணி பஸ் தூரத்தில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தத் தண்ணியைக் கொட்டிருங்க" என்றாள் பாத்துமுத்துவிடம். பிறகு சேலையைப் பார்த்து, "வேற கொண்டா தேவகிருபை. நீயே கைவிட்டுப் பாத்துக் குடு."

குடம் வந்தது. சேலைக்கு அடியில் நீண்ட கை மணிக்கட்டு வரை நனைந்திருந்தது. நூர்பானு அந்தத் தண்ணீரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து தங்கையின் காதுக்குள் சொன்னாள்.

"நூரக்கா வந்திருக்கேன்டி."

சொன்ன பிறகுதான் கை தலையில் பட்டது. ஊற்றிய தண்ணீர் பலகையிலிருந்து வழிந்து, சேலைக்கு அடியில் வெளியே ஓடியது. இரண்டு இலந்தை இலைகள் அந்தப் பாதங்களில் போய் ஒட்டின. தேவகிருபை காலை நகர்த்தவில்லை.