ஏழாம் விதி, மூன்றுக்கு முன்னால்

பிள்ளை பிறந்த இந்த நாற்பத்தொன்பது நாளில் டெல்சி சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் தூங்கியது இரண்டே முறை. இரண்டும் உட்கார்ந்தபடி. மற்றபடி தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஏதோ ஓர் இடத்தில் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள். அங்கே எல்லாம் மெல்ல நடந்தது. கடல் சத்தம்கூடப் பஞ்சு சுற்றித்தான் வந்தது. அந்த நிலையில்தான் ஞாயிறு காலை, பீடத்துக்குப் பின்னால் சாமியார் உடை மாற்றும் அறையில் மடிக்கணினியைத் திறந்தாள்.

மகளுக்குத் திருமுழுக்கு நடக்கிற நாளில் தாய்க்கு இது தேவையா என்று கேட்கலாம். வேறு ஆள் யார்? எட்டு வருடமாகத் திருவனந்தபுரத்தில் நெட்வொர்க் வேலை பார்ப்பவள் அவள்தான். சரக்குக் கப்பலில் இருக்கும் ஜெஃப்ரின் அவளுடைய கணவன்தான். அவள் ஆறு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது கப்பல் ஏறியவன், பிள்ளையை இன்னும் கையில் வாங்கவில்லை. இன்று கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது. நம் நேரம் பதினொன்றுக்குக் கிளம்பினால் பதினெட்டு நாள் நடுக்கடல்.

"தலையில தண்ணி ஊத்துறத மட்டும் நான் பாக்கணும், ஏட்டி," என்றிருந்தான். "வேற ஒண்ணும் வேண்டாம்."

கோயில் கேமராவின் படம் பக்கத்துப் பங்குப் பள்ளியின் ஃபயர்வால், அதாவது இணைய வாசலில் காவல் நிற்கும் பெட்டி, வழியாகத்தான் வெளியே போகும். அங்கே இரண்டு லைன்கள். பழையதில் கோயிலுக்கு வந்த அத்தனை பேரின் போனும் தொங்கும். புதியது பள்ளி அலுவலகத்துக்கு மட்டும். கெஞ்சிக் கேட்டதில் கேமராவுக்கும் அனுமதி கிடைத்தது. வழக்கமாக ஃபயர்வால் 'எங்கே போகிறாய்' என்று மட்டும் கேட்கும். 'எங்கிருந்து வருகிறாய்' என்றும் கேட்டு, கேமரா என்றால் புதிய லைனில் விடு என்று சொல்ல வேண்டும். கறுப்புத் திரையில் வரி வரியாகக் கட்டளைகளைத் தட்டி முடித்தாள். விதி எண் ஏழு. விரல்கள் வேறு யாருடையவோ போலிருந்தன.

பூசை முடிந்தது. ஞானத்தாய் பிள்ளையை ஏந்துவதுதான் வழக்கம் என்பதால் டெல்சியின் அக்கா சிந்தியா கையில் பிள்ளை இருந்தது. டெல்சி பக்கத்தில் போய் நின்றாள். நின்றதும் போன் அதிர்ந்தது.

"படம் நிக்குது, டெல்சி. மைனிக்க கை மட்டும் தெரியுது," என்றான் ஜெஃப்ரின்.

சிந்தியா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ போ மக்கா. பிள்ள எனக்க கையிலதான இருக்கு," என்றாள்.

திரையில் விதி சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வழியே ஒன்றும் போகவில்லை. கணக்கு பூச்சியத்தில் நின்றது. ஏன் என்று யோசிக்கக் கண்ணை மூடினாள். மூடியதும் கேரள எல்லையில் களியக்காவிளை சோதனைச்சாவடி வந்தது. மீன் லாரிகளுக்கு நடுவே வெள்ளை உடுப்புப் போட்ட தன் மகள் தனியாக நடந்து வருகிறாள். முதலில் நின்ற போலீஸ்காரர் கை காட்டுகிறார். அவள் அந்தப் பக்கமே போய்விடுகிறாள். ஏழாவதாக நின்றவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டெல்சி விழித்துக்கொண்டாள். ஃபயர்வால் விதிகளை மேலிருந்து படிக்கும், முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். 'கோயிலிலிருந்து வருவதெல்லாம் பழைய லைனில்' என்று மூன்றாம் விதி சொன்னது. கேமராவும் கோயிலில்தானே இருக்கிறது. அந்த மூன்றைக் கிறிஸ்துமஸுக்கு எழுதிய புண்ணியவதியும் அவளேதான். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

move 7 before 3 என்று தட்டினாள். ஏழு மேலே ஏறிவிட்டது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த படம் பழைய வழியை விடவில்லை. அதை அறுத்துவிட்டால் கேமரா புதிதாகக் கிளம்பும். பத்து நொடியில் கிளம்பலாம், ஒரு நிமிடமும் ஆகலாம். அவளுக்குப் பயமாக இருந்தது.

"சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று சுவருக்கு அப்பால் சாமியார் கேட்டார்.

"விட்டுவிடுகிறோம்."

அறுத்தாள்.

"இருட்டாயிட்டு," என்றான் ஜெஃப்ரின்.

பத்து அடி நடந்தால் பிள்ளையிடம் போய்விடலாம். ஆனால் படம் திரும்ப வராவிட்டால் இங்கே ஆள் வேண்டும். டெல்சி எழுந்திருக்கவில்லை. 'தந்தை' என்றார் சாமியார். 'மகன்' என்றார். 'தூய ஆவியாரின் பெயராலே' என்றபோது பிள்ளை வீறிட்டது. ஜனங்கள் கை தட்டினார்கள். எல்லாம் முடிந்துபோயிற்று. போனில் சத்தமே இல்லை.

"வந்துதா? கேக்குதா உங்களுக்கு?"

அவள் அழத் தொடங்கினாள். அப்போது போனுக்குள்ளிருந்து, எங்கோ கப்பலிலிருந்து, சாமியாரின் குரல் மெலிதாக வந்தது. 'தந்தை.' படம் ஊர் சுற்றிப் போய்ச் சேரக் கால் நிமிடம் ஆகும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் முன்பு கேட்ட அதே வீறிடலை, டெல்சி இரண்டாம் முறை கேட்டாள்.

"பாத்தேன், ஏட்டி," என்றான் ஜெஃப்ரின். "நல்லா பாத்தேன்." பிறகு, "நீ எங்க நிக்குத? படத்துல உன்னக் காணல்லியே," என்றான்.

"இஞ்சதான்."

"இஞ்சன்னா?"

அவள் மடிக்கணினியை மூடினாள். அந்தச் சத்தத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நீ பாக்கல்லியா?"

"இல்ல," என்றாள் டெல்சி. மேசையில் தலையைச் சாய்த்துப் போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். "பிள்ள எப்பிடி இருந்துதுன்னு நீங்க சொல்லுங்க."

"மொத தண்ணிக்கு ஒண்ணும் செய்யல்ல," என்று அவன் மெல்ல ஆரம்பித்தான். "ரெண்டாவதுக்குக் கண்ணத் தொறந்து அங்கயும் இங்கயும் உன்னத் தேடிச்சு. மூணாவதுக்குத்தான் வீறிட்டுக் கரஞ்சிது."