ஈப்போவுக்கு ஒரு பாஸ்

1948-ஆம் வருடம் பங்குனித் திருவிழாவில், மலைத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால் ருக்குமணி பாடினாள். ஒலிபெருக்கி கிடையாது. ஆனாலும் எதிர்ச்சரிவில் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் படுத்துக் கிடந்த நோயாளிகளுக்குக்கூட அது கேட்டதாம். திருவிழாவுக்கு வந்திருந்த செல்லையா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். அவர் மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் நாடகக் குழு வைத்திருப்பவர்.

"ஆடி முடிஞ்சதும் ஈப்போவுக்கு வந்துரும்மா. பாடி நடிக்கிறதுக்கு எனக்கு ஒரு பொம்பளப் புள்ள வேணும்" என்றார்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கொழுந்து பறிக்கும்போதெல்லாம் மேடையையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனியில் வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் அறிவித்தது. அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் மலைப்பாதையில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து லாரிகளைச் சுட்டார்கள். மலையை விட்டுக் கீழே போவதற்குப் போலீஸ் பாஸ் வேண்டும் என்றானது. தோட்டத்து ஆபீஸ் கிராணி நாகரத்தினம் அவளுடைய மனுவை எடுத்துப் போய், இரண்டு வாரம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

"ஒன் பேரு போலீஸ் லிஸ்டுல இருக்கு. தை மாசம் சங்கத்துக் கூட்டத்துல பாடுனியாமே?"

"கூலி ஒசத்தச் சொல்லிப் பாடுனேன். அதுல என்னங்கய்யா தப்பு?"

"அன்னிக்குத் தப்பில்ல. இன்னிக்கு அந்தச் சங்கத்தையே தடை பண்ணிட்டாங்க. கொஞ்சம் பொறுமையா இருலா. ஆறு மாசத்துல எல்லாம் சரியாயிடும்."

ருக்குமணி பொறுத்தாள். மலை ஊர்களுக்குள் போய்வரத் தடை இல்லாததால் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிஞ்சாங்குக்கு நடந்தாள். அங்கே சாகுல் ஹமீதின் சாப்பாட்டுக் கடை முகவரிக்குத்தான் செல்லையாவின் கடிதங்கள் வரும். 'உனக்கு இடம் இருக்கிறது. பாட்டுச் சாதகத்தை விட்டுவிடாதே' என்று எழுதியிருப்பார்.

அவள் விடவில்லை. வேலை முடிந்ததும் ஆற்றோரம் போய்ப் பாடினாள். ஒரு சாயங்காலம் கங்காணி மாடசாமி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"நிறுத்து தாயி! பாட்டுச் சத்தம் காட்டுக்குள்ள போவுது. உள்ள இருக்கறவனுக்கு சிக்னல் குடுக்குறேன்னு போலீசுல நெனைக்கிறாங்க. இன்னொரு தடவ கேட்டா லாரியில ஏத்திருவாங்க."

அதன்பிறகு அவள் வீட்டுக்குள் பாடினாள். லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அதனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, மூச்சுக்குள்ளேயே பாடினாள். விடிகாலையில் ஒரு மணி நேரம், ஒருநாள் தவறாமல். அடுத்த வருடம் மனு போட்டாள். அதற்கடுத்த வருடமும் போட்டாள். லயத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது. மூன்று மாப்பிள்ளைகள் வந்து போனார்கள்.

"யாருக்காகடி இப்பிடிக் காத்துக்கிட்டு இருக்க?" என்று அம்மா மணியம்மா அழுதாள்.

"பொறுத்தது பொறுத்தாச்சு. இன்னும் கொஞ்சம்தாம்மா."

ஆறாவது வருடம் பாஸ் வந்தது. இரண்டு நாளைக்கு மட்டும்.

ஈப்போவில் செல்லையா நரைத்துப் போயிருந்தார். வாசலுக்கு வந்து அவளை வரவேற்றார். ஒத்திகைக் கூடத்தில் ஹார்மோனியக்காரர் சுருதி பிடித்தார். ருக்குமணி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். இரண்டு வரி முடிவதற்குள் செல்லையா எழுந்து கடைசி வரிசை நாற்காலிக்குப் போனார்.

"இங்க கேக்கலம்மா. நல்லா வாயத் தொறந்து பாடு."

திறந்து பாடினாள். மேலே போகும்போது குரல் கிழிந்து இருமலானது. தண்ணீர் கொடுத்தார்கள். மறுபடியும் பாடினாள், மறுபடியும் கிழிந்தது. மூன்றாவது தடவை ஹார்மோனியக்காரர் அவளைப் பார்க்காமல் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லையா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ராகம் சுத்தமா இருக்கு. அன்னிக்கிவிட நல்லாவே இருக்கு. ஆனா கொரலு உள்ளயே நின்னுடுது. யாராச்சும் வந்து புடிச்சிருவாங்கன்னு பயந்து பாடுற மாதிரி இருக்கும்மா."

"அப்பிடித்தாங்கய்யா ஆறு வருசமாப் பாடுனேன்."

அவர் ஹார்மோனியத்தை மூடச் சொன்னார். பிறகு, "வெட்டவெளியில பாடிப் பழகு. ஆறு மாசம் பொறு. அப்புறம் வா" என்றார்.

"இங்கயே இருந்து பழகுறேனே?"

"ரெண்டு நாள் பாஸ்தானேம்மா வச்சிருக்க?"

அவள் மலையேறினாள். இப்போதெல்லாம் காவல் முன்புபோல் கடுமையாக இல்லை. தேயிலைக்காட்டில் பட்டப்பகலில் பாடினாள், யாரும் தடுக்கவில்லை. அவளுக்காகப் பெண்கள் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள். நாலு நிரைச் செடி தாண்டிக் குரல் போகவில்லை. மாதக்கணக்கில் முயன்றாள். தொண்டை வீங்கியது. ஒருநாள் துப்பியபோது எச்சில் சிவந்திருந்தது. யாருக்கும் சொல்லாமல் மண்ணைத் தள்ளி மூடினாள்.

ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தீபாவளிக்குப் புது நாடகம், தயாராக இருக்கிறாயா என்று செல்லையா கேட்டிருந்தார். சாகுல் ஹமீது அவள் முன்னால் தேநீரை வைத்துவிட்டுத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னம்மா எழுதட்டும்?"

அவள் ஆறிப்போன தேநீரின் ஆடையை விரலால் ஒதுக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க, நானா."

அவர் ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதினார். அன்றைக்கே தபாலில் சேர்த்தார்.

அதற்குப் பதில் வரவில்லை. தீபாவளி வரைக்கும் ருக்குமணி ஒவ்வொரு ஞாயிறும் வந்து கேட்டாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. அப்போதும் வந்தாள். ஆனால் எதுவும் கேட்காமல், தேநீரைக் குடித்துவிட்டு, முள்கம்பி வாசலைச் சாத்துவதற்குள் லயத்துக்குத் திரும்பிப் போனாள்.