பரமசிவம் எழுதாத ரிவ்யூக்கள்

நைட்டியின் கழுத்து கொஞ்சம் இறக்கம், கை நீளம் போதும், எக்ஸ்எல் சைஸ் தனக்குச் சரியாக இருந்தது என்று பரமசிவம் எழுதியிருப்பதை ஹரீஷ்குமார் கேன்டீனில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தான். காலை எட்டரை மணி. முதல் ஷிப்டுக்காரர்கள் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்த நேரம். வாசித்து முடித்ததும் போனைத் திருப்பி மேஜை நடுவில் வைத்தான். நைட்டியின் படம், நான்கு நட்சத்திரம், அதன் கீழே ‘பரமசிவம், ஓசூர்’.

“நீங்க எக்ஸ்எல்லாண்ணா? பாத்தா டபுள் எக்ஸ்எல் மாதிரி இருக்கறீங்க.”

“தொவச்சா சாயம் போவுதான்னும் கேளு” என்றது பக்கத்து மேஜை. “போட்டுப் பாத்தவரு சொன்னா கரெக்டா இருக்கும்.”

பரமசிவமும் சிரித்துவைத்தான். “வீட்டுல எழுதிருப்பா. அக்கவுண்டு எம்பேர்ல இருக்கு.”

“அது தெரியுதுண்ணா. ஆனா நல்லா எழுதறாங்க. போன மாசம் ஹாட்பாக்ஸ் ஒண்ணு வாங்கினேன்ல, அதுகூட உங்க பேர்ல இருந்ததப் படிச்சுதான் வாங்கினேன். வேற யாரோ பரமசிவம்னு நெனச்சேன். நம்மாளு இவ்ளோ பேச மாட்டாரேன்னு.”

ஹரீஷ்குமார் மத்திகிரிக்காரன். வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ். எதை எந்த வெப்சைட்டில் பார்க்க வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. ரயில் எங்கே வருகிறது என்று காட்டுகிற ஒன்று, மிக்ஸியின் விலை போன மாதம் என்னவாக இருந்தது என்று சொல்கிற ஒன்று, விளம்பரம் குறுக்கிடாமல் பழைய படம் பார்க்க ஒன்று என்று பட்டியல் போட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருந்தான். எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள். பரமசிவமும் போட்டான். திறந்து பார்த்ததில்லை.

இடைவேளை முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. கை கழுவிவிட்டுத் தண்ணீர் மெஷின் பக்கம் போய்த் தன் போனில் அந்த ஆன்லைன் கடையைத் திறந்தான். ஜோதிமணிக்காக என்றைக்கோ பதிவு செய்து கொடுத்த கணக்கு. தன் பெயரைத் தொட்டதும் அவன் எழுதியவை என்று நாற்பத்து மூன்று ரிவ்யூக்கள் வந்தன. அதிகம் பேருக்குப் பயன்பட்டது மேலே, யாருக்கும் பயன்படாதது அடியில் என்ற வரிசையில்.

முதலில் இருந்தது கறுப்புத் திரைச்சீலை. ‘பகலில் தூங்குகிறவர்கள் வீட்டுக்கு ஏற்றது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் அறை இருட்டாக இருக்கிறது. தூங்காதவர்களுக்கும் இருட்டாகத்தான் இருக்கிறது. ஒரு நட்சத்திரம் குறைத்ததற்கு அதுவே காரணம்.’ இருநூற்றுப் பதினோரு பேருக்கு அது பயனுள்ளதாக இருந்திருக்கிறது.

அடுத்தது சின்ன குக்கர். ‘விசில் சத்தம் குறைவு, எங்களுக்கு வேண்டியதும் அதுதான். இரண்டு பேருக்குத் தாராளம். பெரும்பாலும் ஒருவர்தான் சாப்பிடுகிறோம், அவரவர் நேரத்துக்கு.’ பிறகு ஹெட்போன். ‘அவர் தூங்கும்போது படம் பார்க்க வாங்கினேன். சத்தம் வெளியே வருவதில்லை. நகைச்சுவைக் காட்சியில் மட்டும் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும்.’ காலிங் பெல். ‘ஓசை இனிமை. இதை மாட்டிக் கொடுத்தவர் தவிர இன்னும் யாரும் அடித்துப் பார்க்கவில்லை.’ ஹரீஷ் சொன்ன ஹாட்பாக்ஸும் இருந்தது. ‘பதினொரு மணிக்கு வைத்த சாதம் மூன்று மணிக்குச் சூடாக இருந்தது. ஓ.டி. பார்த்துவிட்டு ஏழு மணிக்கு வந்தால் இந்தப் பெட்டி ஒன்றும் செய்ய முடியாது.’

கூச்சமாக இருந்தது. அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்ததுபோல, அந்த வீட்டில் தன்னுடைய சட்டையே கொடியில் காய்வதுபோல. இவ்வளவும் மூன்று வருடமாக அவன் பெயரில் ஊரெல்லாம் படித்திருக்கிறது.

கடைசியில் கிடந்தது ஒரு ட்ராலி பெட்டி. ஐந்து நட்சத்திரம். திங்கட்கிழமை எழுதியது. ‘நல்ல பச்சை. சக்கரம் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஒரு ஆளுக்கு ஆறு மாதத் துணி பிடிக்கும், புத்தகம் வைத்தால் குறையும். வெள்ளிக்கிழமை நாகர்கோவில் வண்டியில் போகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.’

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அவளுடைய எண்ணை எடுத்தான். கூப்பிட்டால் முதல் வார்த்தையாக என்ன கேட்பது என்று தெரியவில்லை. மணி அடித்தது. போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனான்.

கிரைண்டிங் மெஷின் முன்னால் நின்றபடி ஐந்தே கால் மணி நேரம். பல்சக்கரம் வரும், மாட்ட வேண்டும், கதவை மூட வேண்டும், நாற்பது விநாடி கழித்துக் கழற்ற வேண்டும். அந்த நாற்பது விநாடியில் ஒன்றும் யோசிக்காமல் இருக்கப் பதினான்கு வருடமாகப் பழகியிருந்தான். இன்று அந்தப் பழக்கம் கைகொடுக்கவில்லை. கல்யாணமாகிக் கோவில்பட்டியிலிருந்து அவள் வந்து ஒன்பது வருடம். குழந்தை இல்லை. கோயில், ஆஸ்பத்திரி எல்லாம் முதல் ஐந்து வருடத்தோடு முடிந்திருந்தன. அதன் பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் தொந்தரவு இல்லாமல் இருப்பதை ஒரு மரியாதைபோல நடத்திவந்தார்கள். அப்படித்தான் அவன் நினைத்திருந்தான். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. அவன் வரும்போது அவள் விழித்திருப்பாள், அவள் பேச வரும்போது அவன் தூங்கியிருப்பான். சண்டை என்று ஒன்று போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை.

இரண்டு மணிக்கு சூப்பர்வைசர் அண்ணாதுரை வழக்கம்போல வந்து நின்றார். “பரமசிவம், செகண்ட் ஷிப்டுல ரெண்டு பேர் லீவு. நேத்து மாதிரி ஒரு நாலு மணி நேரம் பாத்துக்கிடு.”

“இன்னிக்கி முடியாது சார்.”

அண்ணாதுரை அவன் முகத்தைப் பார்த்தார். அந்த வார்த்தையை அவனிடமிருந்து அவர் கேட்டதில்லை. “ஏம்ப்பா, ஒடம்பு சரியில்லையா?”

“ஸ்டேஷனுக்குப் போகணும். வீட்டுல ஊருக்குப் போறாங்க.”

சொன்ன பிறகுதான் தெரிந்தது, வழியனுப்பப் போகிறவனைப் போலச் சொல்லியிருக்கிறோம் என்று.

வீடு சின்ன எலசகிரியில், மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரர் சாந்தம்மா. சாப்பாடு ஆச்சா என்பதை ஊட்டா ஆயித்தா என்று அவர் கன்னடத்தில் கேட்பார், ஆச்சும்மா என்று ஜோதிமணி தமிழில் சொல்வாள், அன்றைய பேச்சு அதோடு தீர்ந்துவிடும். பரமசிவம் படியேறி வந்தபோது கதவு திறந்திருந்தது. பச்சைப் பெட்டி ஹாலில் நின்றது. ஜோதிமணி கொடியிலிருந்து எடுத்த அவனுடைய யூனிபார்மை மடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள், பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஓ.டி. இல்லையா?”

“வேண்டாம்னுட்டேன்.”

உள்ளே போய்த் தட்டு வைத்தாள். சாதம் சூடாக இருந்தது. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. அவள் பக்கத்தில் உட்காராமல் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள்.

“படிச்சேன்” என்றான்.

“எதை?”

“எல்லாத்தையும். நாப்பத்து மூணும்.”

அவள் நிலையிலிருந்து நிமிர்ந்து நின்றாள். “யாரு காட்டுனா?”

“ஹரீஷு. கேன்டீன்ல வச்சு.”

“நைட்டியையுமா?”

“அதத்தான் மொதல்ல.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவனும் சிரித்தான். அந்த வீட்டில் இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தது விநோதமாகக் கேட்டது.

“உங்க பேர்லதான எழுதுனேன். என்னைக்காச்சும் உங்க கண்ணுல படும்னு இருந்தேன். மொத வருசம் பூரா அப்படித்தான். பெறகு அது பழகிப்போச்சு. யாரோ படிக்காங்க, நல்லாருக்குன்னு அமுக்குறாங்க. அது போதும்னு ஆயிட்டு.”

“நேர்ல சொல்லிருக்கலாம்லா.”

“எப்ப?”

அவன் யோசித்தான். குழம்பு ஊற்றிய சாதத்தில் கை வைத்தபடி, இந்த மூன்று வருடத்தில் ஒரு சாயங்காலத்தையோ ஒரு ஞாயிற்றுக்கிழமையையோ எடுத்துக் காட்டிவிட முடியுமா என்று உண்மையாகவே தேடிப் பார்த்தான்.

“திங்கக்கெழம ஸ்கூல்ல வேலைக்குச் சேரணும்” என்று அவளே சொன்னாள். “கோவில்பட்டில, அம்மா வீட்டுலேந்து நடந்து போற தூரந்தான். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு. வேலை சைட்டுல பாத்துப் போட்டேன். வீடியோவுல இண்டர்வியூ. நீங்க உள்ள தூங்கிட்டு இருந்தீங்க, நான் மொட்ட மாடிக்குப் போய்ப் பேசுனேன். துணி பறக்குது, வேற எடத்துக்கு வாங்க மேடம்னாங்க.”

“இங்கனயே ஏதாச்சும்...”

“ரெண்டு வருசம் இங்கதான் தேடிப் பாத்தேங்க.”

“எங்கிட்ட சொல்லாமலேயே போயிருப்பியா?”

“சாவிய சாந்தம்மாட்ட குடுத்துட்டு, வண்டி ஏறுனதும் கூப்பிடலாம்னு நெனச்சேன். முன்னாடியே சொன்னா நீங்க சரின்னுருவீங்க. அத நின்னு கேக்க எனக்கு முடியாது.”

அவன் தட்டைப் பார்த்துக் குனிந்தான். அவள் சொன்னது சரிதான். சரி என்றுதான் சொல்லியிருப்பான். நல்ல மனதோடு, களைப்போடு.

“கோவமா எம்மேல?”

“கோவம் இருந்தா சண்டை போட்டிருப்பேன். அசதியா இருக்கு. ஒரு வேலையும் செய்யாம இப்படி அசந்து வரும்னு யாருக்கும் தெரியாது.”

“எப்ப வருவ?”

“தெரியலங்க” என்றாள். பொய் சொல்லாத குரல்.

அவன் யூனிபார்மை மாற்றவில்லை. ஐந்து மணிக்குப் பெட்டியை மாடியிலிருந்து இறக்கினான். கீழே சாந்தம்மா வாசலில் நின்று பெட்டியையும் இருவரையும் பார்த்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. ஜோதிமணி அவர் கையைப் பிடித்துவிட்டு வந்து பைக்கில் ஏறினாள். பெட்டி நடுவில். அவன் முதுகுக்கும் அவளுக்கும் இடையே அது குறுக்காக நிற்க, அதைக் கட்டிப் பிடித்தபடி வந்தாள். மேம்பாலத்துக்குக் கீழே கர்நாடகத்துக்குப் போகிற லாரிகள் நகராமல் நின்றன. கம்பெனி பஸ்களில் அடுத்த ஷிப்டுக்குப் போகிறவர்கள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்றார்கள். பிளாட்பாரத்தின் கோடியில், வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெட்டியைக் கீழே வைத்தால் அழுக்காகும் என்று அவன் அதைத் தங்கள் நடுவில் பெஞ்சின்மேல் படுக்க வைத்தான்.

“நாள் பூரா அதுல என்னதான் பாப்ப?” என்று கேட்டான்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ குற்றம் சொல்வதற்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறான் என்று தெரிந்த பிறகு சொல்லத் தொடங்கினாள்.

“காலைல மொதல்ல வானிலை. ஓசூர் இல்ல, கோவில்பட்டி. அங்க எப்பவும் வெயிலுதான், இருந்தாலும் பாக்கணும். பெறகு சமையல் சைட்டு ஒண்ணு. அதுல ஒரு அக்கா வெள்ளிக்கிழமைதோறும் எழுதுவாங்க, ஒரு கொழம்பச் சொல்லுததுக்குள்ள மாமியா கதை, நாத்தனா கதை எல்லாம் வந்துரும். சமைக்கணும்னே தோணாது, படிச்சிட்டே இருக்கலாம். பதினோரு மணிக்கு கணக்குப் புதிர். தெனம் ஒண்ணு போடுவாங்க. நான் போட்ட வழி நல்லாருக்குன்னு ஒருநா எவரோ கனடாவுலேந்து எழுதிருந்தாரு. சாயங்காலம் நாடகம். மூணு நிமிசம் நடக்கதுக்கு இருவது நிமிசம் காட்டுவாங்க, அத ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டிருவேன். கடைசியா கடை. வாங்கணும்னு இல்ல. பாத்துட்டே போனா ஒரு தெருவுல நடந்த மாதிரி இருக்கும். ஏதாச்சும் புடிச்சா கூடையில போட்டு வைப்பேன், மறுநா எடுத்துருவேன். ஒருக்க நமக்கு ரெண்டு சைக்கிள் போட்டு வச்சிருந்தேன். ஒரு வாரம் இருந்துச்சு...”

பதில் இல்லாததால் திரும்பினாள்.

அவன் கையை மடித்துப் பெட்டியின்மேல் போட்டு, அதன்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கியிருந்தான். நாலு மணிக்கு எழுந்தவன், முந்தின நாள் ஓ.டி.யும் பார்த்தவன். கழுத்தில் அடையாள அட்டை அப்படியே தொங்கியது. எதுவரைக்கும் கேட்டிருப்பான் என்று தெரியவில்லை. கோபம் வருகிறதா என்று ஜோதிமணி தன்னையே பார்த்துக்கொண்டாள். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. பெட்டியின் கைப்பிடி அவன் முழங்கைக்கு அடியில் இருந்தது.

இத்தனை வருடத்தில் இவனைத் தூக்கத்திலிருந்து ஒரு முறைகூட அவளாக எழுப்பியதில்லை. அலாரம்தான் எழுப்பும்.

ஒலிபெருக்கி கரகரத்தது. நாகர்கோவில் வண்டி முதலாவது பிளாட்பாரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது என்றது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். பைகளும் குழந்தைகளும் விளிம்பை நோக்கி நகர்ந்தன. ஒரு அம்மாள் தன் கூடையைத் தூக்கிக்கொண்டே, “வண்டி வருது, அவர எழுப்பும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்ஜின் அவர்களைத் தாண்டிப் போயிற்று. பெஞ்ச் அதிர்ந்தது. ரயில் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து மெதுவாகி, அவள் ஏற வேண்டிய எஸ் நான்கு அவர்களுக்கு நேர் எதிரே வந்து நின்றது. ஜோதிமணி அவன் தோளில் கையை வைத்தாள். யூனிபார்ம் துணிக்கு அடியில் தோள் சூடாக, மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி இரண்டு நிமிடம் நிற்கும்.