பதினைந்து வாட்

தையற்காரம்மா மூன்றாவது முறையாக என் கதவைத் தட்டியபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான் மேல் மாடி, அவர் எனக்கு நேர் கீழே. காலை ஏழு மணிக்கு டிவியைப் போட்டுவிட்டுத் தைக்க உட்காருவார். அதே ஏழு மணிக்கு நான் வீட்டில் வைத்திருக்கும் ஹாம் ரேடியோவில் பேச உட்காருவேன். நான் வாயைத் திறந்தால் அவர் டிவியில் கோடு கோடாக ஓடுகிறதாம். போதாததற்குச் செய்தி வாசிக்கிற பெண்ணின் வாயில் என் குரல் வருகிறதாம்.

“அந்தப் பொண்ணு பாவம் சார், உங்க குரல்ல இருமுது,” என்றார்.

“உங்க டிவி பழசும்மா. என் பக்கம் எல்லாம் சுத்தம்.”

“பழசுதான். ஆனா இத்தனை வருஷமா இருமலையே.”

கதவைச் சாத்தினேன். மறுநாள் குடியிருப்புச் சங்கத்து செக்ரட்டரி கடிதத்தோடு வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் சரி செய்யாவிட்டால் மொட்டை மாடியில் இருக்கும் என் ஏரியலை இறக்கிவிடுவார்கள். அடிமடியிலேயே கை வைத்துவிட்டார்கள்.

அந்த ஏரியல் வழியாகத்தான் எனக்குக் கப்பல்காரர் கிடைத்தார். கப்பலில் ரேடியோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வேறு ஊர். இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் காலை ஏழிலிருந்து ஏழரை வரை பேச்சு. நாங்கள் கம்மி பவர் ஆட்கள். ஐந்து வாட், அதாவது ஒரு குட்டி பல்பு எரிகிற மின்சாரம். அதை வைத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் பேசுவதுதான் எங்கள் கெத்து. பேச்சை முடிக்கும்போது “நாளைக்குப் பார்ப்போம்” என்பார். ஒரு நாளும் பார்த்ததில்லை. என் மனைவி இருந்தவரை அந்த ரேடியோப் பெட்டியைத் தன் சக்களத்தி என்றுதான் சொல்வாள். அவள் போன பிறகு நான் அழுததைக் கேட்ட ஒரே ஆள் கப்பல்காரர். மகளிடம் அழ முடியாது. ஞாயிறானால் போனில் “சாப்ட்டீங்களாப்பா” என்பாள், “சாப்ட்டேம்மா” என்பேன், அத்தோடு முடிந்தது.

இத்தனை வருஷத்தில் அவர் போன் நம்பரை நான் வாங்கவில்லை, அவரும் கேட்கவில்லை. போனில் பேசுவதென்றால் பெட்டி எதற்கு என்கிற வீம்பு இரண்டு பேருக்கும். ஆறு வாரத்துக்கு முன் ஒரு நாள் அவர் வரவில்லை. மறுநாளும் இல்லை. பழைய விலாசத்துக்குக் கடிதம் போட்டேன், ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. மகனோடு போய் இருக்கப்போவதாக எப்போதோ சொல்லியிருந்தார். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ள எனக்குத் துப்பில்லை. அன்றிலிருந்து ஏழு மணிக்கு நான் மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஏரியலை இறக்கின மறுநாள் பார்த்து அவர் கூப்பிட்டால் என்ன செய்வேன்?

வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கீழே போனேன். தொல்லை எத்தனை மணிக்கு வருகிறது, கோடா குரலா என்று எழுதி வைக்கச் சொன்னேன். இந்த வேலையில் அதுதான் முதல் படி, எழுதிப் பார்க்காமல் எதையும் கழற்றக் கூடாது.

“முதல் நாளிலிருந்தே எழுதிட்டுத்தான் சார் வரேன்,” என்று அளவு எழுதும் நோட்டை எடுத்தார். எனக்குக் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் காது கேட்காது. அப்புறம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான்கு நாள் மாடிப்படி ஏறி இறங்கி முட்டி போனதுதான் மிச்சம். என் பெட்டியின் வாயில் ஒரு ஃபில்டர் போட்டேன். எர்த் கம்பியை மாற்றினேன். அவர் டிவிக்குப் போகும் ஒயர்களைத் தொல்லையை அடக்கும் கறுப்பு வளையங்களில் சுற்றிவிட்டேன். சனிக்கிழமை காலை சோதனை. அவர் சமையலறையிலும் என் சமையலறையிலும் ஒரே தண்ணீர்க் குழாய்தான் மேலேறுகிறது. கத்திரிக்கோல் பிடியால் அதைத் தட்டச் சொன்னேன்.

“நான் பேசறது டிவில வந்தா ஒரு தட்டு. சுத்தமா இருந்தா ரெண்டு.”

மேலே வந்து மைக்கைப் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று சொன்னேன். ஒரு தட்டு. இன்னொரு வளையம் மாட்டிவிட்டு வந்து பேசினேன். ஒரு தட்டு. ஏரியல் ஒயரை ஜன்னலோரம் தள்ளிப் போட்டுப் பேசினேன். மறுபடி ஒரே தட்டு. எரிச்சலோடு கீழே இறங்கினேன்.

“கோடு போயிடுச்சு சார். குரல் மட்டும் லேசா வருது,” என்று நோட்டை என் கையில் திணித்தார். “இதையாவது இப்ப பாருங்க.”

ஒரு பக்கம் யாருடைய இடுப்பளவோ தோளளவோ இருந்தது. எதிர்ப்பக்கத்தில் நான் இருந்தேன். ‘7.02 கோடு. கப்பல்காரரே கேக்குதா, ஒன்பது தடவை. 7.10 இருமல். 7.15 நான் இங்கதான் இருக்கேன், நாலு தடவை. 7.30 நின்னுது.’ பக்கம் பக்கமாக அதேதான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி நின்றேன்.

“எனக்கு உங்க குரல் மட்டும்தான் வருது. அவர் பேசறது உங்களுக்காவது கேக்குதா சார்?”

“இல்லம்மா,” என்றேன்.

முதல் பக்கத்தைப் புரட்டினேன். பதினேழாம் தேதி. அந்தத் தேதியில் எனக்குச் சுருக்கென்றது. மேலே போய் என் பதிவேட்டைப் பார்த்தேன். பதினேழாம் தேதி, என் கையெழுத்திலேயே, ‘பவர் 15 வாட்’ என்று இருந்தது. கப்பல்காரர் வராத ஆறாம் நாள். ஐந்து வாட் எட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்துப் பெட்டியின் பவர் குமிழை முழுக்கத் திருப்பி வைத்திருந்தேன். அப்புறம் மறந்தே போனேன். ஊரான் டிவி பழசு என்று சொன்னவன் நான்.

கீழே வந்து ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். துணியில் நூல் பிரித்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்டுக்காரர் கடைசி ரெண்டு நாள் ஆஸ்பத்திரில கண்ணே தொறக்கல,” என்றார் பிறகு. “நான் கூப்பிட்டுட்டே இருந்தேன். மெதுவா கூப்பிட்டா கேக்கலையோன்னு சத்தமா கூப்பிட்டேன். நர்ஸ் வந்து, பக்கத்துக் கட்டில்ல ஆள் தூங்கறாங்கம்மான்னு சொல்லிட்டுப் போனாங்க.”

மேலே வந்தேன். குமிழைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அதைக் குறைப்பதென்றால் கப்பல்காரர் இனி வரமாட்டார் என்று நானே சொல்வதாக ஆகிவிடும். திருப்பினேன். பத்து. ஏழு. ஐந்து. மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்றேன்.

குழாயில் இரண்டு தட்டு கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரி வந்து, நான் மேலே பேசப் பேச, கீழ் வீட்டில் கால்மணி நேரம் டிவி பார்த்தார். ஏரியல் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மகள் போனில் என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

திங்கள் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு பேச்சுக்கும் ‘முடிந்த நேரம்’ என்று ஒரு கட்டம் உண்டு. விடைபெற்ற பிறகுதான் அதை நிரப்ப வேண்டும். நாற்பது நாளுக்கு மேலாக அந்தக் கட்டங்களைக் காலியாகவே விட்டிருந்தேன். ஐந்து வாட்டில் மூன்று தடவை கூப்பிட்டேன். இரைச்சல் மட்டும் வந்தது.

“சரி, கப்பல்காரரே,” என்றேன். “போயிட்டு வாங்க.”

ஏழு மணி எட்டு நிமிஷம் என்று கட்டத்தில் எழுதினேன். அழுகை வந்தது. அழுதேன். இந்த ஐந்து வாட் கீழ் வீட்டுக்குக்கூடப் போகாது, என் குரல் இந்த அறையோடு நின்றுவிட்டது என்று தோன்றியது.

அப்போது குழாயில் தட்டுச் சத்தம் கேட்டது. இரண்டு. சோதனை சனிக்கிழமையே முடிந்துவிட்டது, தட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என் குரல் வரவில்லை என்று பார்த்து, தையற்காரம்மா நான் இருக்கிறேனா என்று கேட்கிறார்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். குழாயில் ஒரு தட்டு தட்டினேன். ஒரு தட்டு என்றால் வருகிறது என்று அர்த்தம்.