வைக்கோல் அடைத்த மணிகள்

வெள்ளைக்காரன் நாட்டுப் பனியை என் தம்பியின் இங்கிலீஷ் வாத்தியாரும் கண்டதில்லை. மார்கழியில் வைகை மணலை நனைக்கிற பனிதான் அவருக்கும் தெரிந்த பனி. குதிரைக் குளம்பு புதைகிற அளவுக்கு அது எந்தக் காலத்தில் மதுரையில் விழுந்தது? ஆனாலும் 'மஃபிள்' என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லிப் பரீட்சையில் கேட்டபோது, வகுப்பில் அத்தனை பேரும் பாடப்புத்தகத்தில் இருந்ததையே எழுதி வைத்தார்கள்: தரையில் கிடந்த பனி குதிரைகளின் குளம்பொலியை மஃபிள் செய்தது. அத்தனை பேருக்கும் முழு மார்க்கு. என் தம்பி மொக்கையன் ஒருத்தன்தான் தன் கண்ணால் பார்த்ததை எழுதினான். அவனைத்தான் களவாணி என்றார்கள்.

அவன் எழுதியது இதுதான்: எங்கள் ஊர்க்காரர்கள் வண்டிமாடுகளின் மணிகளில் வைக்கோலைத் திணித்து மஃபிள் செய்தார்கள்.

எதையாவது வைத்துப் பொத்திச் சத்தத்தை அமுக்குவதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்று வாத்தியாரே சொல்லிக் கொடுத்திருந்தாராம். பிறகு என்ன குற்றம்? எழுத்தில் குற்றமில்லை, எழுதியவனின் ஊரில்தான் குற்றம். நாங்கள் உசிலம்பட்டிக்கு மேற்கே. பிறந்த பாவத்துக்கே எங்களைக் களவாணிகள் என்று சொல்லி, கைரேகை பிடித்து வைக்கிற வெள்ளைக்காரனின் ரேகைச் சட்டத்தின் கீழே கிடந்த காலம் அது. பெயர் பதிந்த ஆண்கள் ராத்திரியானால் போலீசிடம் போய்ப் படுக்க வேண்டும். ஊரைத் தாண்ட வேண்டுமென்றால் அவர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். உழுது பிழைக்கிற என் அய்யா விருமாண்டிக்கும் அதே கதிதான்.

வாத்தியார் தம்பியின் தாளை வகுப்பில் உரக்கப் படித்து, இது மாடு களவாடுகிற தந்திரம் என்றாராம். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அந்த வாரம் பரவைச் சந்தைக்கு வந்த ஒரு ஜோடி மாடு காணாமல் போயிருந்தது. மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. தாள் ஹெட்மாஸ்டர் மேஜைக்குப் போனது. வீட்டிலிருந்து ஆள் வந்து பதில் சொல்லாவிட்டால் போலீசுக்கு அனுப்பி விடுவோம் என்று சொல்லியனுப்பினார்கள். போலீசில் பெயர் ஏறிவிட்டால் தம்பியும் ரேகைக்காரன்தான். ராத்திரிதோறும் ஊரில் ஆஜராக வேண்டியவன் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி எப்படிப் படிப்பான்?

அய்யா சீட்டுக்கு நடையாய் நடந்தும் கிடைக்கவில்லை. பெண்பிள்ளைகளிடம் சீட்டுக் கேட்பதில்லை. அதனால் நான் பஸ் ஏறிச் சிம்மக்கல்லில் இறங்கினேன்.

ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே தம்பி நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு தப்பும் செய்யாத பிள்ளை எதற்குத் தலை குனிய வேண்டும்? அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

"யாரும்மா நீ?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"இவன் அக்கா ஒச்சாயி. அய்யாவுக்குச் சீட்டுக் கெடைக்கல. அதான் நான் வந்தேன்."

பக்கத்தில் நின்ற வாத்தியார் தாளைத் தூக்கிக் காட்டினார். "மாட்டு மணியில வைக்கோலை அடைச்சாங்கன்னு எழுதியிருக்கான். நல்லவங்க செய்யிற வேலையா இது?"

"திருடப் போறவன் மணியக் கழட்டி எறிஞ்சுட்டுல்ல மாட்டப் பத்துவான், வாத்தியாரய்யா? ஒக்காந்து வைக்கோலத் திணிச்சுக்கிட்டா இருப்பான்?"

நான் முக்காட்டை விலக்கி, முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினேன். நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் அம்மைத் தழும்பு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் காபித் தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்து போன முகம். அன்றைக்கு அதை மூட எனக்கு மனசில்லை.

"போன வருசம் எனக்கு ஆத்தா பாத்துருந்துச்சு. காதுக்குள்ளயும் முத்து. ஒரு சத்தம் கேட்டா ஒடம்பெல்லாம் தூக்கிப் போடும். எங்க தெருதான் வயலுக்குப் போற வண்டிப் பாதை. மணிச் சத்தம் கேக்குறப்பல்லாம் நான் அலறுனேன். யாரும் யாருகிட்டயும் சொல்லல. மறுநா விடியக்காலம் தெருமொனையில வண்டிய நிப்பாட்டி, அம்புட்டுப் பேரும் மணியில வைக்கோலத் திணிச்சுக்கிட்டாக. எங்க வீட்டத் தாண்டுன பெறகுதான் எடுத்தாக. எங்களோட பேச்சுவார்த்த இல்லாத பேயாண்டி மாமாவும் அப்படித்தான் போனாரு. இத எழுதுனதுக்கா எந்தம்பி களவாணி?"

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை.

"சரிம்மா. அந்த வரியை அடிச்சுட்டுப் பனி வாக்கியத்தை எழுதிக் கொடுக்கட்டும். விஷயத்தை இத்தோட விட்டுடறோம்."

வாத்தியார் பேனாவை நீட்டினார். தம்பி வாங்கினான். எப்படியாவது படித்தால் போதும் என்று அவனுக்கு. எனக்கு அடக்கமாட்டாத கோபம். அவன் கைக்கு மேலே என் கையை வைத்தேன்.

"அடிக்காதடா. அடிச்சயின்னா களவாண்டது நெசம்னு ஆயிரும்."

"அப்போ போலீசுக்குத்தான் போகும்," என்றார் வாத்தியார்.

"போகட்டும். எங்க ஊரு ஏட்டையாவையே கூப்புடுங்க. வைக்கோல் திணிக்காத ஆளு அந்தத் தெருவுல அவரு ஒருத்தருதான். நான் செத்துக்கிட்டுக் கெடக்கேன், ராத்திரி ஸ்டேசன்ல படுக்க வரச் சொல்லி, எங்க வாசல்ல நின்னு அய்யா பேரச் சொல்லி விசில் ஊதுவாரு. மக கெடக்கா, இன்னைக்கு ஒருநா மெதுவாக் கூப்புடுங்கய்யான்னு எங்கய்யா காலுல விழுந்தாரு. அன்னைக்கு ரெண்டு தடவ ஊதுனாரு. அவரு வந்து எம் மொகத்தப் பாத்துச் சொல்லட்டும், மணிய எதுக்கு அடைச்சோம்னு."

வெளியே பையன்கள் பாடத்தை ராகம் போட்டுப் படிக்கிற சத்தம் கேட்டது. ஹெட்மாஸ்டர் தாளை எடுத்து வாத்தியாரிடம் நீட்டினார். "மார்க்கைப் போடுங்க. போலீஸ் பேச்சு இனிமே வேண்டாம்."

வாத்தியார் பாதி மார்க்குப் போட்டார். பனிக்குத்தான் முழு மார்க்காம். பார்க்காததை எழுதினால் முழுசு, பார்த்ததை எழுதினால் பாதி. நல்ல நியாயம்தான். வகுப்பில் படித்துச் சிரிக்க வைத்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

தம்பி என்னோடு சிம்மக்கல் வரைக்கும் வந்தான். பஸ் கிளம்புகிற நேரம். பொழுது சாய்வதற்குள் நான் ஊர் போய்ச் சேர வேண்டும். அய்யாவுக்குச் சோறு போட்டு அனுப்ப வேண்டும். ராத்திரியானால் எங்கள் வாசலில் அந்த விசில் வந்து நிற்கும்.

ஜன்னல் வழியாகத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"மொக்கையா, அந்த ஏட்டு விசில்ல வைக்கோலத் திணிச்சா, அதுக்கு இங்கிலீசுல என்னடா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அதுவும் மஃபிள்தான்க்கா."

"அப்ப அடுத்த பரீட்சையில அத எழுது."